வெளியீடு என்னும் சான்றுரை

கட்டற்ற மென்பொருளின் உரிமங்கள் உலகத்தார் அனைவருக்கும் நான்கு உரிமைகளை அளிக்கின்றன: எந்த நோக்கத்திற்கும் அதை இயக்கலாம், அதன் மூலநிரலை, அதாவது மனிதர் எழுதவும் படிக்கவும் கூடிய வடிவிலுள்ள நிரலை, ஆராய்ந்து மாற்றலாம், படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம், மாற்றியதையும் பரப்பலாம். இவ்வளவு உரிமையை யாவர்க்கும் வாரி வழங்கிவிட்ட ஒரு திட்டம், தன் உறுப்பினர்கள் புதிய பதிப்பு ஒன்றை வெளியிடும்போது மட்டும் வாக்கெடுப்பு, கையொப்பம், காத்திருப்புக் காலம், கோப்புகளை வைக்கவேண்டிய இடம் என்று முறைமேல் முறை வகுத்து அவர்களைக் கட்டுப்படுத்துவதற்கு நியாயம் என்ன என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. முறைப்படி வெளியிட்டாலும் முறையின்றி வெளியிட்டாலும் நிரல் ஒன்றே; கணினியில் அது ஒரே விதமாகத்தான் இயங்கும். எனவே இது வெறும் நிர்வாகச் சிக்கல்போலத் தோன்றினாலும், ஒரு செயலின் பெறுமதி அதன் விளைவில் மட்டும் அடங்கிவிடுகிறதா, செய்யப்பட்ட விதத்திலும் இருக்கிறதா என்ற வினாவும், முன்பின் அறியாத ஒருவரின் சொல்லை எந்த அடிப்படையில் அறிவாக ஏற்கலாம் என்ற வினாவும் இதற்குள் அடங்கியுள்ளன. இவ்விரண்டும் மெய்யியலின் பழைய வினாக்கள்.

இவ்வினாக்களை ஆராய்வதற்கு அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் வெளியீட்டுக் கொள்கை பொருத்தமான சான்றாகும். 1995இல் ஒரு வலை வழங்கியை மேம்படுத்தக் கூடிய நிரலாளர் குழுவிலிருந்து வளர்ந்து, 1999இல் அமெரிக்காவில் இலாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவுபெற்ற இவ்வறக்கட்டளையில், ஒவ்வொரு மென்பொருள் திட்டத்தையும் அதற்குரிய மேலாண்மைக் குழு நடத்துகிறது. அக்குழுவின் உறுப்பினர்களில் குறைந்தது மூவர் ஆதரித்து வாக்களித்து, ஆதரவு வாக்குகள் எதிர்ப்பு வாக்குகளைவிட மிகுந்திருந்தால்தான் ஒரு பதிப்பு வெளியீடாகக் கொள்ளப்படும். வாக்கெடுப்பு குறைந்தது 72 மணி நேரம் திறந்திருக்க வேண்டும் என்பது பொது நெறி. வெளியிடப்படுவது எப்போதும் மூலநிரல் தொகுதியே. உடனே இயக்குவதற்கு ஏற்றவாறு எந்திர மொழிக்கு மாற்றப்பட்ட இருமக் கோப்புகளைப் பயனரின் வசதிக்காக உடன் வழங்கலாம்; எனினும் அவை அதே பதிப்பு எண்ணைத் தாங்கி, அதே மூலநிரலிலிருந்து பிறந்தவையாக இருக்கவேண்டும் என்பதுடன், அறக்கட்டளையின் அதிகாரபூர்வ வெளியீடு என்ற தகுதியை அவை பெறுவதில்லை. வளர்ச்சி நிலையிலுள்ள அன்றாடத் தொகுப்புகளையும் வாக்கெடுப்புக்கு வைக்கப்பட்ட முன்பதிப்புகளையும் பொதுமக்களுக்கு வெளியீடுபோலக் காட்டிப் பரப்பக்கூடாது என்பதும் அக்கொள்கையின் பகுதியாகும்.

வாக்களிப்பவர் செய்யவேண்டியது என்ன என்பதை நெருங்கிப் பார்த்தால்தான் இவ்விதியின் உட்பொருள் விளங்கும். ஒவ்வொரு வாக்காளரும் தொகுதியைத் தமது கட்டுப்பாட்டிலுள்ள கணினிக்குத் தாமே தரவிறக்கவேண்டும்; அத்துடன் வரும் கையொப்பக் கோப்பு, திட்டத்தின் திறவிப் பட்டியலில் உள்ள, தொகுதியைத் தயாரித்த வெளியீட்டு மேலாளரின் மறைக்குறியீட்டுத் திறவியால் இடப்பட்டதுதானா என்று சோதிக்கவேண்டும்; தொகுதியின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் நீண்ட எண்ணெழுத்துக் கோவையாகிய சரிபார்ப்புத் தொகை, அறிவிக்கப்பட்டதோடு ஒத்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிறகு தொகுதியைப் பிரித்து, உரிமக் கோப்பும் பிறருக்கு உரிய நன்றியறிவிப்புகளைத் தாங்கிய கோப்பும் முறையாக உள்ளனவா, மூலநிரலுக்குள் எந்திர மொழிக் கோப்பு ஏதேனும் ஒளிந்திருக்கிறதா, ஒவ்வாத உரிமம் கொண்ட பகுதி எதுவும் நுழைந்துவிட்டதா என்று ஆராய்ந்து, இறுதியில் அந்த மூலநிரலைத் தாமே தொகுத்து இயக்கிப் பார்க்கவேண்டும். இவ்வளவும் செய்த பின்னரே '+1' என்னும் ஆதரவுக் குறியை இடுவதற்கு அவர் உரியவராகிறார்; கருத்துள்ள வாக்காளர்கள் அக்குறியோடு தாங்கள் எவற்றையெல்லாம் சோதித்தார்கள் என்பதையும் வரிசையாக எழுதிவிடுகிறார்கள்.

இவ்விதியை நியாயப்படுத்தும் முதற்காரணம், விதிகளைப் பற்றி அமெரிக்க மெய்யியலாளர் ஜான் ரால்ஸ் 1955இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் செய்த ஒரு வேறுபாட்டிலிருந்து கிடைக்கிறது. சில விதிகள் முன்னனுபவத்தின் சுருக்கங்கள். இன்ன நிலையில் இன்னது செய்தால் பெரும்பாலும் நன்மை விளைந்திருக்கிறது என்று அவை நினைவூட்டுகின்றன, ஆகவே நன்மை விளையாது என்று தெரிந்த இடத்தில் அவற்றை விட்டுவிடலாம். வேறு சில விதிகளோ ஒரு செயலையே உண்டாக்குபவை. பந்தை அடிப்பதையும் ஓடுவதையும் யாரும் எங்கும் செய்யலாம். ஆனால் ஆட்டத்தின் விதிகள் இல்லாத இடத்தில் ஆட்டமிழத்தல் என்ற நிகழ்ச்சியே இல்லை. வெளியீட்டு விதி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஒரு கோப்பு இணையத்தில் இருப்பது வேறு, ஒரு திட்டம் அதை வெளியிட்டது என்பது வேறு; முன்னது ஒரு நிலைமை, பின்னது ஒரு கூட்டுச் செயல். மூவர் வாக்கின்றி வைக்கப்பட்ட தொகுதி, விதியை மீறிய வெளியீடு என்பதைவிட, வெளியீடாக ஆகாத ஒன்று என்பதே துல்லியம். சட்டமும் இவ்வேறுபாட்டை ஒட்டியே நிற்கிறது: முறைப்படி நடந்த வெளியீடு அறக்கட்டளையின் செயலாகி, அதில் உழைத்த தனியாள்மீது வழக்குச் சுமை விழாமல் காக்கிறது, முறை தவறியபோது அந்தக் காப்பு வலுவிழக்கக்கூடும்.

எனினும் இக்காரணம் முழுமையானதன்று. விதி ஒரு செயலை உண்டாக்குகிறது என்று காட்டுவதனால் மட்டும் அச்செயல் மதிக்கத்தக்கது என்று ஆகிவிடாது. பொருளற்ற சடங்குகளையும் விதிகள் உண்டாக்கவல்லவை. ஆகவே இரண்டாவதும் ஆழமானதுமான காரணத்தை, அறிவின் வாயில்களைப் பற்றிய இந்திய மெய்யியல் விவாதங்களில் தேடுவது தகும். அறிவைத் தரும் வழிகளைத் தமிழ் மரபு அளவைகள் என்று அழைத்து, அவற்றுள் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றைத் தலையாயவையாகக் கொள்கிறது. அருணந்தி சிவாசாரியாரின் சைவ சித்தாந்த நூலாகிய சிவஞான சித்தியார் அளவைகளை ஆராய்ந்த பின்னரே மெய்ப்பொருளைப் பேசத் தொடங்குவது, எதை அறிகிறோம் என்பதற்கு முன் எவ்வழியால் அறிகிறோம் என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும் என்ற ஒழுங்கினால் ஆகும். தானே காண்பது காட்சி. கண்டதிலிருந்து காணாததை உய்த்தறிவது கருதல். நம்பத்தக்கவர் சொல்லால் அறிவது உரை.

மென்பொருளைப் பயன்படுத்துபவர் எந்த அளவையால் அதன் தூய்மையை அறிகிறார் என்று கேட்டால், பெரும்பாலும் உரையால் மட்டுமே என்பதே நேர்மையான விடை. ஒரு வங்கியிலோ மருத்துவமனையிலோ இயங்கும் கணினியில் உள்ள கட்டற்ற மென்பொருள் கூறுகளின் நிரல் வரிகளை ஒருவர் வாழ்நாள் முழுதும் படித்தாலும் முடிக்க இயலாது. படித்தாலும் போதாது என்பதைக் கணினி அறிவியலாளர் கென் தாம்ப்சன் தமது டூரிங் விருது உரையில் 1984இலேயே நிறுவினார்: மூலநிரலை எந்திர மொழிக்கு மாற்றும் தொகுப்பியே கெட்டிருந்தால், மூலநிரலில் சுவடு எதுவும் இல்லாமலேயே கேட்டை உள்ளே நுழைத்துவிட முடியும். ஆகவே மூலநிரல் திறந்திருக்கிறது, விரும்பினால் யாரும் பார்க்கலாம் என்ற வாதம், காட்சி கிட்டக்கூடிய சிலருக்கே பொருந்தும். மற்றவர்கள் அனைவரும் அச்சிலரின் சொல்லை நம்பியே வாழ்கிறார்கள்.

அப்படியானால் எத்தகையவரின் சொல் அறிவைத் தரும்? கௌதமரின் நியாய சூத்திரம் ஆப்தரின், அதாவது நம்பத்தக்கவரின், உபதேசமே உரையளவை என்று வரையறுக்கிறது. அதற்கு உரை கண்ட வாத்ஸ்யாயனர், ஒரு பொருளின் இயல்பை நேரே அறிந்தவரும், அறிந்தபடியே பிறர்க்கு உணர்த்த விழைந்து அவ்விழைவால் தூண்டப்பட்டுச் சொல்பவருமே ஆப்தர் என்று விளக்கி, இந்த இலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றேதான் என்றும் சேர்த்துச் சொல்கிறார். இவ்விளக்கத்தின் கடைசிப் பகுதி பெரிதும் போற்றத்தக்கது. நம்பகத்தன்மை பிறப்பாலோ பதவியாலோ வருவதன்று. நேரறிவும் நேர்மையான விழைவும் எங்கே கூடுகின்றனவோ அங்கே அது இருக்கிறது. ஒருவரையொருவர் நேரில் கண்டிராத, வெவ்வேறு நாடுகளில் வாழும் தன்னார்வலர்களின் குழு ஆப்தராக ஆவதற்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் கிடைக்காது.

வெளியீட்டுக் கொள்கையின் ஒவ்வொரு கூறும் இவ்விரண்டு நிபந்தனைகளில் ஒன்றை நிறைவேற்றுவதைக் காணலாம். தொகுதியை வாக்காளர் தமது கணினியில் தாமே தொகுத்துப் பார்க்கவேண்டும் என்பது நேரறிவுக்கான நிபந்தனை. பிறர் சோதித்தார்கள் என்று கேள்விப்பட்டு வாக்களிப்பவர் பிறர் சொல்லை எதிரொலிக்கிறாரே தவிரச் சாட்சி சொல்லவில்லை. பொதுவெளியில் பெயரோடு வாக்களிப்பது, மேலாளரின் கையொப்பம், உடன் சேர்ந்த பிறர் ஆக்கங்களை மறைக்காமல் அறிவிப்பது, முடிவுறாத பதிப்பை முடிந்ததுபோலக் காட்டாமை ஆகியவை அறிந்தபடி சொல்வதற்கான நிபந்தனைகள். எண்ணிக்கை மூன்றாக இருப்பது, ஒருவரின் கண் தவறவிட்டதை மற்றொருவரின் கண் பிடிக்கவும், ஒருவரின் உள்ளம் வளைந்தால் மற்றவர்கள் நிமிர்ந்து நிற்கவும் இடமளிக்கிறது.

இங்கே ஒரு நுட்பமும் கவனிக்கத்தக்கது. நிரலில் செய்யப்படும் மாற்றத்தைத் தக்க தொழில்நுட்பக் காரணத்தோடு தனி ஓர் உறுப்பினரும் தடுத்து நிறுத்தலாம்; வெளியீட்டையோ தனியொருவர் தடுக்க முடியாது, பெரும்பான்மையே முடிவு செய்யும். ஒரு குறிப்பிட்ட மாற்றம் சரியா தவறா என்பது மெய்ம்மை பற்றிய வினா, அங்கே ஒருவரின் மறுப்பும் உண்மையாக இருக்கலாம். ஒரு பதிப்பு பொதுமக்களுக்குக் கொடுக்கப் போதுமான நிலையில் உள்ளதா என்பது தகுதி பற்றிய வினா, அங்கே முழுநிறைவை எதிர்பார்த்துக் காலமெல்லாம் காத்திருப்பது மக்களுக்கு உரியதை மறிப்பதாகும். ஆகவே வாக்களிப்பவர் தரும் சான்று, இம்மென்பொருளில் குறையே இல்லை என்பதன்று. இது இன்னாரிடமிருந்து வருகிறது, இதன் உரிமம் இன்னது, இம்மூலநிரலிலிருந்து இது உருவாகிறது, கண்டவரை இது தகும் என்பதே.

இவ்வாறு கொண்டால், சோதிக்காமல் இடப்பட்ட '+1' பற்றிய அறத்தீர்ப்பும் தெளிவாகிறது. தொகுதியைத் திறந்துகூடப் பார்க்காமல் ஒருவர் ஆதரித்து வாக்களித்து, தொகுதியும் தற்செயலாகக் குற்றமற்றதாக இருந்துவிட்டால் யாருக்கும் தீங்கில்லையே என்று விளைவை மட்டும் எண்ணுபவர் கேட்கலாம். ஆனால் அவர் சொன்னது நிரல் நன்று என்பது மட்டுமன்று, நிரலைப் பார்த்தேன் என்பதும் ஆகும், அது பொய். கண்டிராததைக் கண்டதாகக் கூறிய சாட்சியின் சொல் பின்னர் உண்மையாகிவிட்டாலும் அவர் பொய்ச்சாட்சியே. அவருடைய சொல்லை நம்பியவருக்குக் கிடைத்தது அறிவன்று, நற்பேறு. நற்பேற்றின்மீது மருத்துவமனைகளையும் வங்கிகளையும் கட்டி எழுப்ப இயலாது.

இக்கருத்துக்கு மூன்று மறுப்புகள் எழுகின்றன. முதலாவது, இலவசமாகக் கொடுப்பவருக்குக் கடமை ஏது என்பது. கட்டற்ற உரிமங்கள் பெரும்பாலும் மென்பொருள் உள்ளது உள்ளபடியே தரப்படுகிறது, உத்தரவாதம் எதுவும் இல்லை என்று வெளிப்படையாகவே கூறுகின்றன. ஊதியமின்றி உழைப்பவரிடம் இதற்குமேல் கேட்பது முறையா? ஆனால் உத்தரவாதம் இல்லை என்பது நட்ட ஈடு கோரும் சட்டக் கடனைத்தான் நீக்குகிறது; உண்மை சொல்லும் கடனை அது நீக்கவில்லை. அன்னதானத்தில் விலை வாங்குவதில்லை என்பதற்காக அரிசியில் கல் பொறுக்காமல் உலையேற்றுவார் இல்லை. விலை கொடுக்காதவர் கேள்வி கேட்கவும் தயங்குவார் என்பதால் அங்கே இடுபவரின் கவனம் இன்னும் கூடவேண்டும். டெபியன் என்னும் இயங்குதளத் திட்டம் 1997இல் ஏற்றுக்கொண்ட சமூக ஒப்பந்தத்தில், பயனரின் நலனுக்கு முதலிடம் தருவதாகவும் குறைகளை மறைப்பதில்லை என்றும் தானே முன்வந்து உறுதியளித்தது. யாரும் வற்புறுத்தாத நிலையில் ஏற்ற கடமைக்கு விடுதலையான உள்ளத்தின் பெருமை உண்டு.

இரண்டாவது மறுப்பு அவசரத்தைப் பற்றியது. 2021 டிசம்பரில், உலகெங்கும் பயன்பட்டுவந்த அப்பாச்சியின் லாக்4ஜே என்னும் பதிவேட்டு மென்பொருளில், தொலைவிலிருந்தே பிறர் கணினியைக் கைப்பற்ற வழிதரும் ஓட்டை வெளிப்பட்டபோது, ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் தீங்காகத் தோன்றியது. விதி பொதுவாகப் பேசுவதால் தனி நிலைமையில் அது தவறக்கூடும், அப்போது விதியை வகுத்தவர் அங்கிருந்தால் எதைச் சொல்லியிருப்பாரோ அதைச் செய்வதே உயர்ந்த நீதி என்று அரிஸ்டாட்டில் நிக்கோமாக்கிய அறவியலில் கூறியது இங்கே பொருந்தும். அப்பாச்சியின் கொள்கையே இதற்கு இடம் வைத்திருக்கிறது: மூவர் வாக்கு கட்டாயம், 72 மணி நேரமோ தக்க காரணமிருந்தால் குறைக்கத்தக்க நெறி. காத்திருப்பு சுருங்கலாம், சாட்சி சுருங்கக்கூடாது என்பதே இதன் பொருள். விரைவுக்கும் விலை உண்டு என்பதை அதே நிகழ்ச்சி காட்டியது: முதலில் வந்த 2.15.0 பதிப்பின் திருத்தம் முழுமையாக அமையாமல், அம்மாதத்திற்குள்ளேயே 2.16.0, 2.17.0, 2.17.1 என்று பதிப்புகள் தொடரவேண்டியதாயிற்று. அந்த ஓட்டை 2013 முதல் முறைப்படி வெளியான பதிப்புகளிலேயே கண்டறியப்படாமல் இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. சான்றுரையின் எல்லை இன்னதென்று மேலே கண்டது இதனால் உறுதிப்படுகிறதே தவிர, சான்றுரை வீண் என்று ஆகிவிடவில்லை.

மூன்றாவது மறுப்பே கடுமையானது: முறையை முற்றும் பின்பற்றியே ஒருவர் வஞ்சிக்க முடியுமானால் முறையால் என்ன பயன்? 2024 மார்ச் 29 அன்று வெளிவந்த எக்ஸ்இசட் யூட்டில்ஸ் நிகழ்ச்சி இதற்குச் சான்று. கோப்புகளைச் சுருக்கும் அம்மென்பொருளைப் பல ஆண்டுகள் ஏறத்தாழத் தனியாகவே பேணிவந்த ஒருவருக்கு உதவுவதாக வந்து, ஜியா டான் என்ற பெயரில் இயங்கி, மெல்ல மெல்ல நம்பிக்கையும் வெளியீட்டு உரிமையும் பெற்ற ஒருவர், 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் கள்ளவழி ஒன்றை வைத்தார். அதை இயக்கிவிடும் கட்டளை வரிகள் மூலநிரலை அனைவரும் பார்க்க வைத்திருக்கும் பொதுக் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுத் தொகுதியில் மட்டும் இருந்த 'பில்ட்-டு-ஹோஸ்ட்' என்னும் கோப்பில் இருந்தன. தீய நிரலின் உடலோ, சோதனைக்கான கெட்ட கோப்புகள் என்ற போர்வையில் களஞ்சியத்திலேயே கிடந்தது. தொலைக் கணினிக்குள் நுழைய ஏறத்தாழ அரை நொடி கூடுதலாக ஆவதைக் கண்டு ஐயுற்ற ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர் விடாமல் துருவியதால்தான் அது வெளிப்பட்டது.

அந்தத் தொகுதிகளில் முறையான கையொப்பம் இருந்தது. கையொப்பம் மெய், உரை பொய். நியாய மரபின் இரண்டாம் நிபந்தனையாகிய, அறிந்தபடி உணர்த்தும் விழைவு அங்கே இல்லை. கையொப்பம் யார் தந்தார் என்பதைச் சொல்லும், நேர்மையாகத் தந்தாரா என்பதைச் சொல்லாது. இதிலிருந்து முறை பயனற்றது என்று முடிவு செய்வது பிழையாகும். அங்கே குறைந்தது முறையின் இதயமான பகுதியே: தொகுதியைக் களஞ்சியத்தோடு ஒப்பிட்டு, தாமே தொகுத்துப் பார்க்கும் தனித்த சாட்சிகள் இல்லை. சோர்ந்த ஒருவரும் அவரிடம் அவசரம் காட்டிய சிலரும் மட்டுமே இருந்த இடத்தில் ஒரே திறவி எல்லாமாகிவிட்டது. அதே வேளையில், புதிய தொகுதி முதலில் நிலையற்ற கிளையிலும் பின்னர் சோதனைக் கிளையிலும் தங்கிய பிறகே நிலையான கிளையை அடையும் என்ற டெபியனின் வினியோக ஒழுங்கினால், அந்தக் கேடு அதன் நிலையான பதிப்பை எட்டவில்லை. ஒரே மூலநிரலிலிருந்து யார் தொகுத்தாலும் ஒரு பிட்டுகூட மாறாத கோப்பு கிடைக்கவேண்டும் என்று டெபியனில் 2013இல் தொடங்கிய மீளுருவாக்கத் தொகுப்பு முயற்சி, தாம்ப்சன் எழுப்பிய ஐயத்தைச் சுருக்கும் வழியாகும். உரையாக மட்டும் இருந்ததை அது மீண்டும் காட்சியின் எல்லைக்குள் கொண்டுவருகிறது.

வெளியீட்டுக்குப் பொருந்தும் இவ்வறம் வினியோகத்திற்கும் பொருந்தும், ஏனெனில் பெற்றதைக் கைமாற்றித் தருபவரும் ஒரு சாட்சியே. 2004இல் வெளிவந்த அப்பாச்சி உரிமத்தின் இரண்டாம் பதிப்பு, கோப்பை மாற்றிப் பரப்புபவர் மாற்றியதை அக்கோப்பிலேயே அறிவிக்கவேண்டும் என்று விதிக்கிறது. இடைநின்றவரின் மாற்றம் எவ்வளவு ஆழமாகப் பாயக்கூடும் என்பதற்கு டெபியன் வினியோகித்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மறைக்குறியீட்டு மென்பொருளின் நிகழ்ச்சி எடுத்துக்காட்டு: ஓர் எச்சரிக்கைச் செய்தியைத் தவிர்க்கும் நல்ல நோக்கத்தோடு 2006இல் நீக்கப்பட்ட வரியால், மறைக்குறியீட்டுத் திறவிகளுக்கு வேண்டிய தற்செயல்தன்மை ஏறத்தாழ முழுவதும் வற்றி, ஒவ்வொரு வகைத் திறவியும் 32,768 வாய்ப்புகளுக்குள் ஊகிக்கத்தக்கதாயிற்று, இது 2008 மே மாதத்தில்தான் வெளிவந்தது. அங்கே வஞ்சம் இல்லை, விழைவு நேர்மையானது. குறைந்தது முதல் நிபந்தனையாகிய நேரறிவு. எக்ஸ்இசட் நிகழ்ச்சியையும் இதனையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, ஆப்தரின் இரு இலக்கணங்களில் ஒன்று குறைந்தாலும் உரை அளவையாகாது என்பது இரு திசையிலிருந்தும் மெய்ப்பிக்கப்படுகிறது.

ஆகவே வெளியீட்டு விதிகள் கட்டற்ற மென்பொருளின் விடுதலைக்கு எதிரானவை அல்ல. எழுதுவதிலும் மாற்றுவதிலும் படியெடுப்பதிலும் யாரும் யாரையும் கேட்கவேண்டியதில்லை. ஒரு சமூகத்தின் பெயரால் உலகுக்குச் சொல் கொடுக்கும் ஓரிடத்தில் மட்டுமே விதி குறுக்கே வந்து, கொடுக்கும் சொல்லைக் கண்டு கொடு என்று கேட்கிறது. அதை வெறும் படிவமாக்கிவிடும் வாக்காளர், தம்மை அறியாத எண்ணற்றோரின் நம்பிக்கையைச் செலவழிக்கிறார். வாக்களிக்கும் பொறுப்பில் இருப்போர் சோதித்த பின்னரே வாக்களிக்கவேண்டும், சோதிக்க நேரமில்லையெனில் வாக்களிக்காமல் இருப்பதே அறம். பயன்படுத்தும் நிறுவனங்கள் தரவிறக்கும் தொகுதியின் கையொப்பத்தைச் சரிபார்ப்பதுடன், தனியே சுமக்கும் பராமரிப்பாளருக்குத் துணையாகத் தம் பொறியாளரின் நேரத்தையும் அளிக்கவேண்டும். சாட்சி சொல்ல ஆளில்லாத இடத்தில் எந்த விதியும் தானாகச் சாட்சி சொல்லாது.